சஸ்பெண்டிலிருந்து எழுந்த பிறகு ஐபிவி6 மட்டும் தகராறு: டிரைவரில் எதை மறுபடி எழுத வேண்டும்?

கேள்வி:
வணக்கம். அலுவலகத்தில் உருவாகிவரும் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஈதர்நெட் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதி வருகிறேன். சஸ்பெண்ட் செய்து எழுப்பினால் லிங்க் வருகிறது, ஐபிவி4 ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் பக்கத்துக் கணினியிலிருந்து ஐபிவி6 பிங் அடித்தால் பதில் இல்லை. இங்கிருந்து வெளியே போவதும் அரை மணி நேரத்தில் நின்றுவிடுகிறது, டிஃபால்ட் ரூட்டே காணாமல் போகிறது. தூக்க முறையை எஸ்2ஐடில் (லேசான தூக்கம்) என்று வைத்தால் பிரச்சினை இல்லை, டீப் (ஆழ்ந்த தூக்கம்) என்றால் மட்டும்தான்.

இன்னொன்று: டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி) ஓட்டினால் உடனே பிங்குக்குப் பதில் வருகிறது. நிறுத்திய பிறகும் வந்துகொண்டே இருக்கிறது!

ரெஸ்யூமில் என் டிரைவரின் ஓபன் ஃபங்ஷனை நேரடியாக அழைத்துவிட்டு, நெட்இஃப்_டிவைஸ்_அட்டாச் (கார்டு தயார் என்று கெர்னலுக்குச் சொல்வது) செய்கிறேன். கெர்னலின் பிசிஐ கோர்தான் எல்லாவற்றையும் மீட்டுத் தருகிறதே, அப்புறம் எது தொலைகிறது?

பதில்:
டிசிபிடம்ப் விஷயத்தை எழுதினீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. கார்டின் மல்டிகாஸ்ட் ஃபில்டர் (எந்தக் குழு முகவரிகளுக்கு வரும் பாக்கெட்டுகளை ஏற்பது என்ற பட்டியல்) காலியாகிவிட்டது.

ஐபிவி4-இல் ஏஆர்பி கேள்வி (இந்த ஐபி முகவரி யாருடையது என்பது) எல்லோருக்குமான பிராட்காஸ்டாக வரும், அதனால் தப்பித்தது. ஐபிவி6-இல் பக்கத்துக் கணினி உங்களைத் தேடுவது 33:33 என்று தொடங்கும் மல்டிகாஸ்ட் முகவரியில். ஃபில்டரில் அது இல்லாவிட்டால் கார்டே பாக்கெட்டைத் தள்ளிவிடும், கெர்னலுக்கு எதுவும் தெரியாது. ரவுட்டர் அறிவிப்பும் மல்டிகாஸ்ட்தான். அதன் வழக்கமான ஆயுள் 1800 விநாடி. புது அறிவிப்பு வராவிட்டால் டிஃபால்ட் ரூட் காலாவதி ஆகும். உங்கள் அரை மணி நேரக் கணக்கு இதுதான்.

டிசிபிடம்ப் கார்டை ப்ராமிஸ்குவஸ் (வரும் எதையும் வடிகட்டாமல் ஏற்கும்) நிலைக்குக் கொண்டுபோகிறது. அதை நிறுத்தும்போது கெர்னல் செட்_ஆர்எக்ஸ்_மோடை (டிரைவரின் ரிசீவ் மோட் ஃபங்ஷன்) மறுபடி அழைக்கிறது, உங்கள் டிரைவர் முழுப் பட்டியலையும் எழுதிவிடுகிறது.

பிசிஐ கோர் மீட்பது கான்ஃபிக் ஸ்பேஸை (பிசிஐக்குப் பொதுவான அமைப்பு ரெஜிஸ்டர்கள்) மட்டும். கார்டின் உள்ளே இருக்கும் ரெஜிஸ்டர்களுக்கு என்ன அர்த்தம் என்று அதற்குத் தெரியாது. எஸ்2ஐடிலில் உங்கள் கார்டுக்கு மின்சாரம் போவதில்லை போலிருக்கிறது, அதனால் மதிப்புகள் தங்குகின்றன. டீப்பில் எல்லாம் போய்விடும்.

இண்டர்ஃபேஸை டவுன் செய்து அப் செய்தால் இந்தக் கோளாறு வராது, பாருங்கள். அந்த வழியில் கெர்னல், டிரைவரின் ஓபனுக்குப் பிறகு தானே ரிசீவ் மோடையும் எழுதச் சொல்லும். நீங்கள் ஓபனை நேரடியாக அழைப்பதால் அந்தப் படி விடுபடுகிறது. சஸ்பெண்டில் கார்டு கெர்னலிடமிருந்து டிடாச் ஆகியிருக்கும்போது மாறும் முகவரிப் பட்டியலும் கார்டுக்குப் போகாது. ஆகவே ஆர்டிஎன்எல் பூட்டுக்குள் (நெட்வொர்க் அமைப்பு மாற்றங்களுக்கான கெர்னல் பூட்டு), இண்டர்ஃபேஸ் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் ஓபனை அழைத்து, அட்டாச்சுக்கு முன்னால் உங்கள் ரிசீவ் மோட் ஃபங்ஷனையும் அழையுங்கள். ரிசீவ் மோடை அழைக்க, முகவரிப் பட்டியலின் பூட்டான நெட்இஃப்_அட்ரஸ்_லாக் பிடிக்க வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி சார், ஐபிவி6 சரியாகிவிட்டது. எத்டூலில் (கார்டின் அமைப்புகளை மாற்றும் கருவி) வைத்த இண்டரப்ட் கோலெஸிங் (பல இண்டரப்ட்களை ஒன்றாகச் சேர்ப்பது) மதிப்பும் பழையபடி டிஃபால்ட்டுக்குப் போவதைக் கவனித்தேன். சஸ்பெண்டில் ரெஜிஸ்டர்களைப் படித்து வைத்துக்கொண்டு, ரெஸ்யூமில் அப்படியே எழுதிவிடலாமா?

இன்னொருவர் பதில்:
வேண்டாம். வேக்-ஆன்-லேனுக்காக (நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்புவது) ஃபில்டரை மாற்றிய பிறகு படித்தால், அந்தத் தற்காலிக நிலையையே மீட்டு வைப்பீர்கள். இண்டர்ஃபேஸ் டவுனாக இருந்து கார்டும் உறங்கிக்கொண்டிருந்தால் படிக்கக் கிடைப்பது குப்பைதான்.

பயனர் கேட்ட மதிப்பு டிரைவரின் ஸ்ட்ரக்சரில் இருக்கட்டும். எத்டூல் ஃபங்ஷன் முதலில் அங்கே எழுதி, பிறகு கார்டில் எழுத வேண்டும். கார்டை முழுக்க நிரப்பும் ஒரே ஃபங்ஷனை ஓபனும் ரெஸ்யூமும் அழைக்கட்டும். பயனர் மாற்றிய மேக் முகவரி, ஆர்எஸ்எஸ் (வரும் பாக்கெட்டுகளைப் பல வரிசைகளுக்குப் பிரிப்பது) சாவியும் அட்டவணையும், பாஸ் (எதிர்முனையைச் சற்று நிறுத்தச் சொல்லும் pause) அமைப்பு எல்லாம் அதில் வர வேண்டும். விஎல்ஏஎன் (ஒரே நெட்வொர்க்கை எண்களால் தனித்தனியாகப் பிரிப்பது) ஃபில்டர் இருந்தால் கூடுதல் கவனம்: கெர்னல் ஒரு விஎல்ஏஎன் எண்ணைச் சேர்க்கும்போது சொல்வதோடு சரி, ரெஸ்யூமில் திரும்பச் சொல்லாது. இன்டெல் கார்டுகளுக்கான இ1000இ டிரைவரைத் திறந்து பாருங்கள், எண்களை ஒரு பிட்மேப்பில் வைத்துக்கொண்டு தானே மறுபடி எழுதும்.

சோதிக்கும்போது பிஎம்_டெஸ்ட்டை (கெர்னலின் சஸ்பெண்ட் ஒத்திகை அமைப்பு) டிவைசஸ் என்று வைத்து நம்பிவிடாதீர்கள், அதில் மின்சாரம் துண்டிக்கப்படாது. ஆர்டிசிவேக்கில் (குறித்த நேரத்தில் கணினியை எழுப்பும் கருவி) மெம் முறையில் நிஜமாகத் தூங்க வைத்து, முன்னும் பின்னும் எத்டூலில் ரெஜிஸ்டர் டம்ப் எடுத்து டிஃப் போடுங்கள்.