நீச்சல் தடாகமும் மின்கட்டணமும்: கொழும்பு வீடுகளின் அனுபவங்கள்

ராஜகிரியவிலிருந்து ஒருவர்:

எங்கள் வீட்டுத் தடாகம் நாங்கள் கட்டியதல்ல. வீட்டை வாங்கியபோது கூடவே வந்தது. அதன் 1.5 குதிரைவலுப் பம்பு ஏறத்தாழ 1.5 கிலோவாற்று இழுத்தது. நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் 12 அலகு, மாதத்துக்கு 360 அலகு. வீட்டுப் பாவனை 180 அலகைத் தாண்டியபின் ஒவ்வோர் அலகும் மிக உயர்ந்த விலைக்குப் போய்விடுவதால், தடாகத்தின் செலவில் பெரும்பகுதி அந்த மேல்படியிலேயே விழுந்தது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் அடுத்தடுத்து ஏறியபோது, தடாகத்தை மண் போட்டு மூடிவிடலாமா என்றுகூட வீட்டில் பேச்சு எழுந்தது.

குளிர்நாட்டவர் எழுதும் ஆலோசனைகள் பெரும்பாலும் நீரைச் சூடாக்கும் செலவிலிருந்தே தொடங்குகின்றன. கொழும்பில் அந்தச் செலவே கிடையாது. இங்கு கட்டணத்தைத் தீர்மானிப்பது பம்புதான். பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் நீரோட்டம் பாதியாகும், ஆனால் அது இழுக்கும் வலு கோட்பாட்டின்படி எட்டில் ஒன்றாகிவிடும். நடைமுறையில் மோட்டரின் இழப்புகளால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். வேகத்தை மாற்றக்கூடிய பம்பைப் பொருத்தியபின், பாதி வேகத்தில் அதன் திரை காட்டிய அளவு 250 வாற்றுக்கு அருகில் இருந்தது. அதே அளவு நீரைச் சுற்ற இப்போது பதினாறு மணித்தியாலம் ஓடவேண்டியிருந்தாலும் செலவு 4 அலகுதான். நேரத்தை இரட்டிப்பாக்கி மின்சாரத்தை மூன்றில் ஒன்றாகக் குறைப்பது என்பதை வீட்டாருக்குப் புரியவைக்கத்தான் அதிகம் பாடுபட்டேன்.

மெதுவாக ஓடும்போது சில குறைகளும் உண்டு. நீரின் மேற்பரப்பை இழுக்கும் விசை குறைவதால், அரலியாப் பூக்களும் மாவிலைகளும் வடிகூடைக்குள் போகாமல் மிதந்து ஊறி அடியில் தங்கிவிடுகின்றன. ஆகவே காலையில் ஒரு மணித்தியாலம் முழு வேகத்தில் விடுகிறோம். மணல் வடிகட்டியைப் பின்னோக்கிக் கழுவும்போதும் முழு வேகம் வேண்டும், இல்லாவிட்டால் மணற்படுகை கிளர்ந்து அழுக்கை விடாது. உப்பிலிருந்து குளோரின் உண்டாக்கும் கருவி வைத்திருப்பவர்கள், குறைந்த ஓட்டத்தில் அது தானாக நின்றுவிடுகிறதா என்பதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்:

எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடித் தடாகத்தில், மின்சாரம் மிச்சம் என்று காவலாளியே பம்பை நிறுத்திவைக்கும் பழக்கம் இருந்தது. ஒக்டோபர், நவம்பர் மழையில் குளோரின் நீர்த்துப்போக, சில நாட்களிலேயே சுவரில் பச்சைப் பாசி வழுக்கியது. கைவிடப்பட்ட நீரில் நுளம்பு முட்டை ஒரு வாரம், பத்து நாட்களுக்குள் பறக்கும் நுளம்பாகிவிடும். டெங்கு பரவும் இந்நகரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்கும்போது மின்பட்டியலைக் காட்டித் தப்பமுடியாது. பாசியைக் கொல்லப் பம்பை இரவுபகலாக ஓட்டியதில், அதுவரை மிச்சம் பிடித்ததெல்லாம் போயிற்று.

நேரத்தைப் பொறுத்தவரை ஒரு சொல். டைமரை இரவுக்கு மாற்றினால் கட்டணம் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண வீட்டுக் கட்டணத்தில் எந்த மணிக்கு ஓட்டினாலும் அலகு அலகுதான். நேரவாரிக் கட்டணத்தைத் தெரிவுசெய்தவர்களுக்கே இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை விலை அதிகம். அதிலும், வெயில் குளோரினைச் சிதைப்பதால் பகலிலும் சிறிது நேரம் ஓட்டவே வேண்டும்.

வெயிலைத் தடுக்கும் விரிப்பு குளோரினையும் ஆவியாகும் நீரையும் காக்கும், இலைகளையும் தடுக்கும். ஆனால் ஒளி ஊடுருவும் குமிழ் விரிப்பு இங்கு வேண்டாம். ஏற்கெனவே வெதுவெதுப்பான நீரை அது இன்னும் சூடாக்கிப் பாசிக்கு வசதி செய்துகொடுக்கும்.

தெஹிவளையிலிருந்து ஒருவர்:

மேலே ராஜகிரிய நண்பர் சொன்னதைப் படித்துவிட்டு, பழைய பம்பிலேயே வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பூட்டலாம் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். வீடுகளில் உள்ள பெரும்பாலான பம்புகள் கொள்ளளவி (கப்பாசிட்டர்) பூட்டிய ஒற்றைக் கட்ட (சிங்கிள் பேஸ்) மோட்டர்கள். மூன்று கட்ட மோட்டருக்கான சாதாரண வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் அவை சரியாக ஓடமாட்டா, சூடேறி எரிந்தும் போகலாம். எனக்கு முதலில் வந்த விலைமனுவில் கருவி மட்டுமே இருந்தது, மோட்டரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கேட்டபின்தான் மோட்டரையும் சேர்த்து மாற்றவேண்டும் என்றார்கள், தொகையும் இரட்டிப்பானது. இந்த வேலையில் இறங்குபவர்கள் மோட்டரின் பெயர்த்தகட்டைப் படம் பிடித்து, விலை கேட்கும்போதே அனுப்பிவிடுங்கள்.