பொருள்: அமீபா 'சிஸ்ட்' தமிழில் என்ன? (செவ்வாய் காலை அச்சுக்குப் போகுது)

ஏற்காடு டீச்சர்:
அனைவருக்கும் வணக்கம். சேர்வராயன் மலைக் கிராமங்களில் மழைக்கு முன்னால் கொடுக்க நான்கு பக்கக் கையேடு ஒன்று தயாரிக்கிறோம். அமீபா சீதபேதி, ஜியார்டியா என்கிற குடல் ஒட்டுண்ணி, இவை எப்படிப் பரவுகின்றன என்பதுதான் விஷயம். எல்லாம் முடிந்தது, 'சிஸ்ட்' என்கிற ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது. போன வருடம் வேறு யாரோ அச்சடித்த துண்டறிக்கையில் 'நீர்க்கட்டி' என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்த ஒரு அம்மா, "ஊத்துத் தண்ணி குடிச்சா கர்ப்பப்பையில நீர்க்கட்டி வருமா டீச்சர்?" என்று கேட்டார். எனக்கு ஒரே ஒரு சொல் போதும், பத்து வேண்டாம்.

தாதகாப்பட்டி லேப் தம்பி:
டீச்சர், அது என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பெயர் வைக்கலாம். அமீபாவுக்கு இரண்டு வடிவம். குடலில் ஊர்ந்து, தின்று, பெருகுவது ஒன்று. அது வெளியே வந்தால் சீக்கிரம் செத்துவிடும், யாராவது விழுங்கினாலும் வயிற்று அமிலம் விடாது. இன்னொன்று தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டு உருண்டையாகச் சும்மா கிடப்பது, அதுதான் சிஸ்ட். ஈரமண்ணிலும் தண்ணீரிலும் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். குழாய்த் தண்ணீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரினுக்கு லேசில் மசியாது. அமிலத்தையும் தாண்டிச் சிறுகுடலுக்குப் போய்த்தான் சுவரை விட்டு வெளியே வரும். முற்றிய சிஸ்டில் 4 உட்கரு, அதிலிருந்து 8 குட்டி அமீபா. ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறவரின் மலத்தில்கூட இது போய்க்கொண்டே இருக்கும். அவர் கை கழுவாமல் வந்து தட்டுவடை செட்டுக்குக் கேரட் துருவினால் போதும். (தட்டுவடை செட்டைக் குறை சொல்லவில்லை, நானும் தினம் சாப்பிடுகிறவன்தான்.)

செவ்வாய்ப்பேட்டை ஐயா:
தம்பி சொன்னதை வைத்துப் பார்த்தால் 'நெற்று' என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. முற்றிக் காய்ந்த காய், விதைக்கு எடுத்து வைத்த தேங்காய், எல்லாம் நெற்றுதான். மேலே ஓடு, உள்ளே உயிர், நேரம் வந்தால் முளைக்கும். குறுந்தொகை ஏழாம் பாட்டில் 'வாகை வெண்ணெற்று' காற்றில் ஒலிக்கிறது, ஆரியர் கயிற்றில் ஏறி ஆடும்போது கொட்டுகிற பறை மாதிரி. ஈராயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்கும்போது எதற்குக் கடன்? நெல்லும் நெற்றும் ஒரே வேர் என்பது என் எண்ணம். நெற்றியும் அந்த வழிதான், அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

மட்டுறுத்துநர்:
அந்தக் கயிற்றாட்ட ஆரியர் யார் என்று வந்த ஐந்து மடல்களையும் வேறு இழைக்கு மாற்றிவிட்டேன். தயவுசெய்து அங்கே சண்டை போடவும்.

தாதகாப்பட்டி லேப் தம்பி:
ஐயா, சொல் அழகு, ஆனால் இங்கே தலைகீழாகப் போகிறதே. நெற்று என்றால் காய்ந்தது. அமீபா சிஸ்டுக்கு ஈரம் வேண்டும், காய்ந்தால் செத்துவிடும். நாம் நெற்று என்று எழுதினால் வெயிலில் கிடப்பதுதான் ஆபத்து, சேறு பரவாயில்லை என்று ஆகிவிடும்.

ஆத்தூர் மொழிபெயர்ப்பாளர்:
'சிஸ்ட்' என்றே விட்டுவிடுங்களேன். மலேரியாவையும் அமீபாவையும் தமிழாக்கிக்கொண்டா இருக்கிறோம்? லேப் ரிப்போர்ட்டிலும் அதுதான் இருக்கும், ஜனங்கள் கையில் அந்தக் காகிதம்தான் இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை ஐயா:
டகர மெய்யில் முடிகிற தமிழ்ச் சொல் ஒன்று காட்டுங்கள், நான் விலகிக்கொள்கிறேன். வேண்டுமானால் 'சிசுட்டு' என்று எழுதலாம்.

ஆத்தூர் மொழிபெயர்ப்பாளர்:
சிசுட்டு! குருவி தும்முகிற மாதிரி இருக்கிறது ஐயா.

மேச்சேரி அக்கா:
எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்த்திருக்கிறோம், அந்த அனுபவத்தில் சொல்கிறேன், 'கூடு' என்று வையுங்கள். உள்ளே ஒன்று அடங்கிக் கிடக்கும், நேரம் வந்தால் உடைத்துக்கொண்டு வரும். கூட்டைக் கொதிநீரில் போட்டால் உள்ளே இருப்பது செத்துப்போகும் என்று இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்று நாம் தனியாகப் புரியவைக்க வேண்டியதே இல்லை.

சங்ககிரி டாக்டர்:
கூடு நல்ல சொல்தான். எனக்கு இரண்டு சங்கடம். ஒன்று, கூடு என்றதும் புழு ஞாபகம் வரும். புழு என்றால் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் பூச்சி மாத்திரை போட்டாயிற்றே என்று இருந்துவிடுவார்கள். அமீபாவுக்கு அந்த மாத்திரை கேட்காது. இரண்டாவது, மலேரியாவில் 'ஊசிஸ்ட்' என்று ஒன்று உண்டு. ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில் கொசுவின் இரைப்பைச் சுவரில் பார்த்தது அதைத்தான். அது வெளியே கிடந்து தாங்குகிற வடிவமே இல்லை, கொசு வயிற்றுக்குள் வளர்கிறது. பூனை மலத்தில் வரும் டாக்சோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணியின் ஊசிஸ்டோ மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். பெயர் ஒன்று, குணம் வேறு. டிரைக்கோமோனாஸ் என்கிற ஒட்டுண்ணி மாதிரி சிஸ்டே இல்லாததும் உண்டு, அதனால்தான் அது தண்ணீரில் பரவாமல் உடலுறவு வழியாகப் பரவுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை நீட்டினால் கல்லூரிப் பாடத்தில் மாட்டிக்கொள்வோம்.

ஏற்காடு டீச்சர்:
டாக்டர், கல்லூரிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எனக்கு நாளைக்குக் காலையில் அச்சகத்தில் ஆள் காத்திருப்பார். 'அமீபாக் கூடு' என்று போட்டுவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குறியில் 'சிஸ்ட்', ரிப்போர்ட்டில் பார்த்தால் தெரியட்டும். அதற்குக் கீழே, "இது புழு இல்லை, பூச்சி மாத்திரை போதாது" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. ஆத்தூர் அண்ணனும் அரைமனதாகச் சரி என்றுவிட்டார். நேற்று ஊற்றடியில் இரண்டு பேரிடம் வாசித்துக் காட்டினேன், ஒருவர் கூடு என்றதும் தேன்கூடா என்று கேட்டார், விளக்கியதும் புரிந்தது.

செவ்வாய்ப்பேட்டை ஐயா:
தேன்கூடா என்று கேட்டார்கள் அல்லவா, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது வெளியே வருவதற்கு வினைச்சொல் என்ன போட்டீர்கள் அம்மா? 'உடைதல்' என்றால் வேலையைக் கூடு செய்கிறது, உயிர் செய்யவில்லை. நெற்று என்றால் 'முளைத்தல்' தானாக வந்து உட்கார்ந்திருக்கும். அடுத்த பதிப்பு எப்போது?