கடைக் கல்லாவும் வீட்டுச் செலவும் ஒன்னாப் போச்சு, எப்படிப் பிரிக்கிறது?

பிறை தையல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுல பினாங்குப் பக்கம் பிறையில ஏழு வருஷமா பிளவுஸ் தைக்கிற சின்னக் கடை வெச்சிருக்கேன். வீட்டுக்காரர் பாயான் லெப்பாஸ்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில மெஷின் பார்க்கிறார். முன்னாடி ஓ.டி.யோட சேர்த்து 3,600 வெள்ளி (ரிங்கிட்) கைக்கு வரும். இப்போ ஓ.டி. நின்னு அடிப்படைச் சம்பளம் 2,300தான். என்கிட்ட துணி கொடுக்கிறவங்களும் பெரும்பாலும் தொழிற்சாலைக் குடும்பம்தான். அவங்க வீட்டிலும் இதே கதைங்கிறதால கடையும் இறங்கிடுச்சு. மாசம் 4,200க்கு ஓடின கடை இப்போ 2,400ல நிக்குது.

கடை வாடகை 650, கரண்டு 110, எம்பிராய்டரி மெஷினுக்குத் தவணை 380. லைனிங் பிளவுஸ் ஒன்னு 75 வெள்ளிக்குத் தைக்கிறேன். துணி, நூல், ஹூக் எல்லாம் 12 ஆகும். கூட வேலை செய்யிற அக்காவுக்குப் பிளவுஸுக்கு 15. அவங்களும் தனியா பிள்ளைகளை வளர்க்கிறவங்க, நிறுத்த மனசு வரலை.

சாயங்காலம் கடையைப் பூட்டும்போது கல்லாவிலிருந்து முப்பது எடுத்து மீன், காய், பிள்ளைக்கு டியூஷன்னு செலவு பண்ணுவேன். மாசக் கடைசியில வாடகைக்குப் பத்தாது. கிரெடிட் கார்டைத் தேய்ப்பேன். அது 8,000 ஆயிடுச்சு. மாசம் 400 கட்டியும் இறங்கவே மாட்டேங்குது. என் வளையலை அடகு வைக்கலாமா, இல்ல வீட்டுக்காரரோட இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிளெக்ஸிபல் கணக்குல 2,700 இருக்கு, அதை எடுக்கலாமான்னு ரெண்டு ராத்திரியா தூக்கமில்லை. கடையை மூடிட்டு வீட்டிலேயே தைக்கலாமான்னும் யோசிக்கிறேன். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


குயின் ஸ்ட்ரீட் அச்சுக்காரர் எழுதியது:

தங்கச்சி, நான் ஜார்ஜ்டவுன்ல மகாமாரியம்மன் கோயில் பக்கத்துல முப்பது வருஷத்துக்கு மேல கல்யாணப் பத்திரிகை அடிச்சவன். இப்போ மகன் பார்த்துக்கிறான். ரெண்டு பெரிய அடி வாங்கினவன்கிறதால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்க.

முதல்ல உன் கணக்கையே எடுத்துக் காகிதத்துல போட்டுப் பார்த்தேன். வாடகை, கரண்டு, தவணை மூணும் 1,140. மாசத்துக்கு 26 நாள் திறக்கிறேன்னு வெச்சா, கதவைத் திறந்தாலே நாளுக்கு 44 வெள்ளி. ஒரு பிளவுஸ்ல 12ம் 15ம் போக உனக்கு நிக்கிறது 48. அப்படின்னா தினம் நீ தைக்கிற முதல் பிளவுஸ் கடைக்கு. ரெண்டாவதுதான் உன் வீட்டுக்கு. 2,400 வெள்ளின்னா மாசம் 32 பிளவுஸ். அதுல 24 கடைக்கே போயிடுது, மிச்சம் எட்டு பிளவுஸ்தான் உன் குடும்பத்துக்கு. எல்லாம் போக 390 வெள்ளி சொச்சம். நீயோ தினம் 30 எடுக்கிற, 26 நாளைக்கு 780. துண்டு விழுகிற 390ஐத்தான் கார்டு போட்டுக்கிட்டு இருக்கு. உன் கையில ஓட்டை இல்லம்மா. இல்லாத லாபத்தைத் தினம் எடுத்துக்கிட்டு இருந்திருக்க, அது உனக்குத் தெரியலை.

அதனால நாளைக்கே ரெண்டு டப்பா வை. எங்க வீட்டுல மைலோ டின். கல்லாக் காசு ராத்திரி வீட்டுக்குப் போகக்கூடாது. சனிக்கிழமை ஒரு தடவை மட்டும் உனக்குச் சம்பளம் எடு, இப்போதைக்கு 90 வெள்ளி. அவ்வளவுதானான்னு வயிறு எரியும். ஆனா உண்மை அதுதான். தொகை ஏறணும்னா ரெண்டாவது பிளவுஸ் எண்ணிக்கை ஏறணும். 555ன்னு விக்கிற சின்னக் கணக்கு நோட்டுல நாளைக்கு ஒரு வரி எழுதினா போதும்: எத்தனை பிளவுஸ், எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது. நான் 1997ல அதை எழுதலை. அந்த வருஷ நடுவுல டாலர் 2.50 வெள்ளி. சிவகாசியிலிருந்து டாலர் கணக்குல அட்டை எடுப்பேன். அடுத்த ஜனவரியில 4.88 வரைக்கும் போச்சு. பழைய விலைக்கு வாய் வார்த்தையா ஒத்துக்கிட்ட ஆர்டர் நிறைய, முன்பணம் ஒருத்தர்கிட்டயும் வாங்கலை. 1998 செப்டம்பர்ல அரசாங்கம் 3.80னு கட்டிப்போடுறதுக்குள்ள என் சேமிப்பு முழுக்கக் கரைஞ்சுடுச்சு.

அந்தப் பாடத்தாலதான் 2020ல தப்பிச்சேன். மார்ச் 18 நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்போ கடையில ஏப்ரல், மே மாசத் தேதி போட்ட பத்திரிகை 11 கட்டு இருந்தது. மஞ்சள் தடவி, நூல் கட்டி, மேல பெண் மாப்பிள்ளை பேரோட அடுக்கி வெச்சிருந்தேன். ஒரு கட்டைக்கூட யாரும் எடுத்துட்டுப் போகலை. ஆனா ஒவ்வொருத்தர்கிட்டயும் பாதிப் பணம் முன்னாடியே வாங்கியிருந்ததால அட்டைக் காசும் ஆள் கூலியும் என் கையைக் கடிக்கலை.

ஒரு தப்பும் பண்ணேன், அதையும் சொல்றேன். அந்த ஏப்ரல்லேர்ந்து ஆறு மாசம் கடன் கட்ட வேணாம்னு பேங்க் விட்டதை ஏதோ மிச்சம் வந்த மாதிரி நினைச்சுச் செலவு பண்ணிட்டேன். வட்டி பாட்டுக்கு ஓடிக்கிட்டேதான் இருந்தது. அடுத்த வருஷம், கோவிட் நேரத்துல இபிஎஃப் பணத்தை எடுக்க விட்ட ஐ-சினார் திட்டத்துல 10,000 எடுத்துப் பூட்டின கடைக்கு வாடகை கட்டினேன். இன்னைக்கும் அதை நினைச்சா நெஞ்சு கனக்குது. இபிஎஃப் பணத்துல கை வைக்காதே தங்கச்சி. கடையையும் அவசரப்பட்டு மூடாதே. வாடகையைக் குறைக்கச் சொல்லி கடைச் சொந்தக்காரரை நேர்ல போய்ப் பாரு. காலிக் கடைக்கு ஆள் தேடுறதைவிட ஆறு மாசத்துக்கு நூறு குறைக்கிறது அவங்களுக்கும் சுலபம்.


செந்தூல் ரவிக்கை எழுதியது:

அண்ணன் சொன்ன முன்பணம்தான் என் பேச்சும். நானும் தையல்தான், செந்தூல்ல கடை வெச்சிருந்து இப்போ வீட்டுல தைக்கிறேன். நீங்க கேக்காத ஒன்னு நான் கேக்குறேன் தங்கச்சி. தைச்சு முடிச்சு ஆள் வராம உங்க கம்பியில எத்தனை பிளவுஸ் தொங்குது? பணம் கொடுத்துத்தானே எடுப்பாங்க. அதெல்லாம் உங்க காசு, ஹேங்கர்ல மாட்டியிருக்கு.

வீட்டுக்கு மாறினா வாடகை மிச்சம்கிறது உண்மைதான். ஆனா எனக்குப் புது ஆளுங்க பாதி நின்னுட்டாங்க. அஞ்சாவது மாடிக்கு அளவு கொடுக்க யார் ஏறி வருவாங்க? பழைய ஆளுங்க போன்ல சொல்லிக் கொடுத்து அனுப்புறாங்க, அவ்வளவுதான். தீபாவளி வரைக்கும் கடையை விடாதீங்க.

கூட்டுக் கட்டலாம்னு, அதான் சீட்டுப் பிடிக்கலாம்னு, யாராவது வந்தா போகாதீங்க. சொந்தக்காரங்கதான், 20 பேர் 200 போடுறோம், உங்களுக்கு முதல் சீட்டுன்னு ஆசை காட்டுவாங்க. கூட்டைத் தொழிலா நடத்துறது 1971லிருந்தே சட்டப்படி குற்றம். எனக்கு 12வது மாசத்துல தலைவி போனையே எடுக்கலை. 2,400 போனது போனதுதான், யார்கிட்டப் போய் முறையிடுறது?


வட்டிக்கணக்கு எழுதியது:

பேங்க் கடன் பிரிவில் வேலை பார்த்தவள் நான். பெரியவர் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

8,000 கார்டுக் கடனுக்கு 18 விழுக்காடு என்றால் மாத வட்டியே 120 வெள்ளி. நீங்கள் கட்டும் 400ல் 280தான் அசலில் குறைகிறது. அதே மாதம் துண்டு விழுந்ததற்கு 390 தேய்க்கிறீர்கள். பிறகு எப்படி இறங்கும்? இபிஎஃப் 2024க்குக் கொடுத்த ஈவு 6.30 விழுக்காடு. 6.30 சம்பாதிக்கும் பணத்தை வைத்துக்கொண்டு 18 கட்டுவது நட்டம். வாடகைக்கு அந்தப் பணத்தைத் தொடாதீர்கள், அதில் பெரியவர் சொல்வது முழுக்கச் சரி. கார்டை அடைக்க மட்டும் என்றால், கார்டை வெட்டிப் போட்ட பிறகு, எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்கை மூன்றாகப் பிரித்தபோது சந்தாவில் 10 விழுக்காட்டை அவசரத்துக்கு என்றுதான் பிளெக்ஸிபல் கணக்குக்கு ஒதுக்கினார்கள். இது அவசரம்தான். வெட்டாமல் எடுத்தால் ஆறு மாதத்தில் அதுவும் போய், கார்டும் பழையபடி நிற்கும்.

அடகு இப்போது வேண்டாம். உரிமம் உள்ள அடகுக் கடையில் மாதம் 2 விழுக்காடு, வருடத்துக்கு 24. கார்டைவிட அதிகம்! ஆறு மாதத்தில் மீட்கவோ புதுப்பிக்கவோ வேண்டும். கட்டாயம் வைத்தே ஆக வேண்டும் என்றால் பேங்க் ராக்யாட் போன்ற இடத்தில் அர்-ரஹ்னு (இஸ்லாமிய முறை நகை அடகு) கேட்டுப் பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர்களும் வைக்கலாம், கட்டணமும் பெரும்பாலும் குறைவு.

ஒரு மாதம் கார்டுக்கே கட்ட முடியாமல் போனால், வசூல்காரர் கூப்பிடும் வரை காத்திருக்காமல் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்புக்குப் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006ல் அமைத்தது, ஆலோசனைக்குக் காசு இல்லை, பினாங்கிலும் கிளை உண்டு. உங்கள் வரவு செலவைப் பார்த்து பேங்கோடு பேசி ஒரே தவணையாக மாற்றித் தருவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் வேலை பார்த்த காலத்தில், சீக்கிரம் வந்தவர்களுக்குத்தான் நல்ல வழி கிடைத்தது. கடைசியில் வட்டி முதலையிடம் வாங்கிவிட்டு வந்தவர்களுக்கு எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை.

சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும் அரசு அமைப்பான தெக்குன் வழியாக இந்தியர்களுக்கு ஸ்புமி கடன் இருக்கிறது, சிறுகடன் அமைப்பான அமானா இக்தியாரில் நம் பெண்களுக்கென்றே ‘பெண்’ திட்டம் இருக்கிறது. இரண்டும் நல்லவை. ஆனால் இன்றைய கணக்குக்கு, வாடகை கட்டக் கடன் வாங்காதீர்கள். தீபாவளித் துணி எடுக்க, ஆர்டர் கையில் இருக்கும்போது வாங்குங்கள்.


பிறை தையல் எழுதியது:

பதினெட்டு நாள் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். நீங்க எழுதினதை வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டினேன். எட்டு பிளவுஸ் கணக்கைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் ஒன்னும் பேசலை. மறுநாள் அவரே கத்தரிக்கோலை எடுத்துக் கார்டை வெட்டினார். பிளெக்ஸிபல் பணத்துல 2,500 எடுத்துக் கார்டுல கட்டிட்டோம், மிச்சத்தைத் தொடலை.

செந்தூல் அக்கா கேட்டதுக்கு அப்புறம்தான் கம்பியை எண்ணினேன். 43. ஒவ்வொன்னுலயும் பேரும் தேதியும் எழுதின சீட்டு குண்டூசியில குத்தியிருக்கு. சிலதுல மை மங்கி, ஊசி துருப்பிடிச்சுத் துணியில கறை. 43ஐ 75ஆல பெருக்கினா 3,225 வெள்ளி, என் ஒரு மாச வரவைவிட அதிகம். தினம் அதுக்கு அடியிலதான் உக்காந்து தைச்சிருக்கேன். ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணேன். ‘சம்பளம் வரட்டும்’னவங்ககிட்ட ரெண்டு தடவையா கொடுங்கன்னேன். இதுவரைக்கும் 19 போயிருக்கு. புது ஆர்டருக்கு 30 வெள்ளி முன்பணம்னு சுவத்துல எழுதி ஒட்டினேன். ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டுப் போனாங்க. மத்தவங்க ஒன்னும் சொல்லாமக் கொடுத்துட்டாங்க, இத்தனை வருஷம் கேக்கத்தான் பயந்திருக்கேன்.

கடைச் சொந்தக்காரர் டிசம்பர் வரைக்கும் 80 குறைச்சிருக்கார். கூட இருக்கிற அக்காகிட்டயும் கணக்கைக் காட்டினேன், அவங்க வேலை தொடருது. ஒரு கல்யாணப் பொண்ணோட அஞ்சு பிளவுஸ் மட்டும் என்ன பண்றதுன்னு தெரியலை. கல்யாணம் தள்ளிப்போச்சாம், அம்மா போன்லயே அழுறாங்க. கேக்க மனசு வரலை.


செந்தூல் ரவிக்கை எழுதியது:

அதைக் கேக்காதீங்க தங்கச்சி. சீட்டையும் ஊசியையும் எடுத்துட்டு, வெள்ளைத் துணியில சுத்தி உள்ள வைங்க. ஓரத்துல ரெண்டு அங்குலம் துணி விட்டிருப்பீங்கல்ல? தேதி வெச்சதும் அளவு மாறியிருந்தா பிரிச்சுக் கொடுக்கலாம். கம்பியில மிச்சம் தொங்குற 19 பிளவுஸை விடாதீங்க.


பிறை தையல் எழுதியது:

சரிக்கா. இப்பதான் எடுத்து உள்ள வெச்சேன். இன்னைக்கு முதல் பிளவுஸ் பதினோரு மணிக்கெல்லாம் முடிஞ்சுடுச்சு, ரெண்டாவதை வெட்டப் போறேன்.