அன்னாசி ஒயின் மூன்றாம் முறையும் காடியாகிவிட்டது: பாத்திரத்தில்தான் குறையா?

சாட்ஸ்வொர்த்வாசி:
வணக்கம். வீட்டில் போட்ட அன்னாசி ஒயின் மூன்றாம் முறையாகக் காடி வாடை அடிக்கிறது. மேலே வெண்படலமும் படிந்திருக்கிறது. எல்லாவற்றையும் நன்றாகத்தான் கழுவினேன். ஹ்லுஹ்லுவேயிலிருந்து வந்த பழத்தில் ஒரு கூடைதான் மீதம் உள்ளது. அது அழுகுவதற்குள் வழி சொல்லுங்கள்.

டோங்காட் அக்கா:
தம்பி, எதைக் கொண்டு கழுவினீர்கள்? பிளாஸ்டிக் வாளியா, கண்ணாடிக் குடுவையா? ஏர்லாக் (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத மூடி) வைத்தீர்களா, துணியால் மூடினீர்களா? இவை தெரியாமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஃபீனிக்ஸ் தாத்தா:
புளியும் தேங்காய் நாரும் போதும். குத்துவிளக்கையே பளபளக்க வைக்கும் புளிக்கு வாளி எம்மாத்திரம்?

மாரிட்ஸ்பர்க் மூத்தவர்:
இதை இங்கே எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். புதிதாக வருபவர்கள் இந்த மன்றத்தின் பழைய உரையாடல்களைப் படிப்பதே இல்லை. கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. முதலில் வெந்நீரும் சலவைச்சோடாவும் கொண்டு அழுக்கைப் போக்கி, நன்றாக அலசிய பிறகுதான், ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 10 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் என்ற கந்தகப் பொடியும் சிறிது சிட்ரிக் அமிலமும் கலந்த கரைசலால் உட்புறம் முழுவதையும் பத்து நிமிடம் நனைத்து வைக்க வேண்டும். அழுக்கு மிஞ்சிய இடத்தில் எந்த மருந்தும் உள்ளே இறங்காது. ஐயா சொல்லும் நார் பிளாஸ்டிக்கைக் கீறிவிடும். அந்தக் கீறல்களில்தான் கிருமி குடியேறும்.

ஃபீனிக்ஸ் தாத்தா:
எங்கள் வீட்டில் நாற்பது வருடமாக நாரைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால், எங்களுடையது மண்ஜாடி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்லாஸி மாணவன்:
நான் ப்ளீச் ஊற்றிக் கழுவுகிறேன். மலிவானது, எந்தக் கடையிலும் கிடைக்கும். இந்தக் கந்தகப் பொடியின் நெடியை என் தங்கையால் தாங்க முடியவில்லை, அவளுக்கு ஆஸ்துமா.

மாரிட்ஸ்பர்க் மூத்தவர்:
ப்ளீச்சில் உள்ள குளோரின் சிறிதளவு தங்கினாலும் பழத்தின் பீனால் சேர்மங்களோடு கூடி ஒயினில் மருந்து வாடையை ஏற்றிவிடும். அடிப்படை வேதியியல் தெரியாமல் பிறருக்கு ஆலோசனை சொல்லாதீர்கள்.

டோங்காட் அக்கா:
தெரியாததைக் கேட்டுக் கற்கத்தான் பிள்ளைகள் வருகிறார்கள். கடிந்துகொள்ள வேண்டாம், ஐயா. தம்பி, ப்ளீச்சோடு புளியோ எலுமிச்சையோ ஒருபோதும் சேரக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். கந்தகக் கரைசலைத் தங்கை இல்லாத நேரத்தில் வெளி முற்றத்தில் வைத்துக் கையாளுங்கள். இன்னொன்று, காடியாக்கும் கிருமிக்குக் காற்று வேண்டும், பழ ஈயும் அதைக் கொண்டுவரும். ஆகவே வாளி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மூடி திறந்து கிடந்தால் பயனில்லை. சாட்ஸ்வொர்த் தம்பி, வாளியின் அடியில் திருகு குழாய் இருக்கிறதா? அதை என்றாவது கழற்றிப் பார்த்ததுண்டா?

சாட்ஸ்வொர்த்வாசி:
இருக்கிறது, அக்கா, இதுவரை கழற்றியதில்லை. இப்போது கழற்றினேன். ரப்பர் வளையத்துக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் வழவழப்பாக ஒரு படலம், அதற்குள் போன முறை போட்ட பழத்தின் நார்கூட இருந்தது. முகர்ந்தால் அதே காடி வாடை. ஏர்லாக்கும் இல்லை, துணிதான் கட்டியிருந்தேன்.

டோங்காட் அக்கா:
வளையத்தையும் குழாயையும் மாற்றிவிடுங்கள், ஏர்லாக்கும் வாங்குங்கள். வாளியின் உட்புறத்தில் கீறல் இருக்கிறதா?

சாட்ஸ்வொர்த்வாசி:
புதிய குழாய் வாங்கிவிட்டேன். பழத்தை இன்றிரவு நறுக்குகிறேன். நன்றி, அக்கா.