மறு: உணவுக்கேற்ற பியர், ‘பேரிங்’ என்பதற்குக் கலைச்சொல்

வணக்கம்.

எந்த உணவுக்கு எந்த பியர் பொருந்தும் என்று பார்த்துச் சேர்ப்பதை ஆங்கிலத்தில் ‘பேரிங்’ (pairing) என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதுதான் நம் கேள்வி. இழை நீண்டுவிட்டதால் இதுவரை வந்த பரிந்துரைகளை ஒரே மடலில் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> தொடுகறி என்று அழகான சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

தொடுகறி நல்ல சொல்தான் ஐயா. தெற்கே வெஞ்சனம் என்பார்கள், அதுவும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இரண்டும் தட்டில் இருக்கும் பண்டத்தின் பெயர்கள், நாம் தேடுவது ஒரு செயலின் பெயர். அதோடு, நம் ஊர் பாரில் சைட் டிஷ்ஷுக்கு என்ன வேலை? உப்பும் காரமும் தூக்கலாக இருந்து அடுத்த மடக்கைக் குடிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். பியர் ஜில்லென்று இருந்தால் போதும், அதன் ருசியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பேரிங்கில் பியருக்கும் உணவுக்கும் சம மரியாதை. ஒன்று பட்டதும் மற்றதன் ருசி மாற வேண்டும், அதுவும் நல்லபடியாக மாற வேண்டும்.

> இணையுணவு?

இது வேண்டவே வேண்டாம். அங்கன்வாடியில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. ‘சுவையிணை’ பரவாயில்லை, ஆனால் அதிலிருந்து வினைச்சொல் வராது. ‘இது அதனோடு சுவையிணைகிறது’ என்று யாராவது பேசுவார்களா?

என் பரிந்துரை ‘தோது’. நாம் தினமும் புழங்கும் சொல். தோதுப்படும், தோதுப்படாது, தோது பார்க்க வேண்டும் என்று எப்படி வேண்டுமானாலும் வளையும். கட்டுரைத் தலைப்புக்குக் கனமாக வேண்டுமென்றால் ‘சுவைத்தோது’ என்று வைத்துக்கொள்ளலாம்.

சொல் நிற்குமா என்று பார்க்க ஒரு நிஜ எடுத்துக்காட்டில் போட்டுப் பார்ப்போம். இப்போது இங்கே ஜெர்மனியில் இலையுதிர்காலம், பவேரியாவின் மெர்ட்சன் பியரை எடுத்துக்கொள்கிறேன். பெயருக்குப் பொருள் மார்ச் மாதத்து பியர், ஆனால் குடிப்பதென்னவோ செப்டம்பரில். 1553இல் பவேரியாவில் ஒரு ஆணை போட்டார்கள்: ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சக் கூடாது. கோடை வெப்பத்தில் நொதித்தல் கெட்டுப்போவதும், அடுப்பு நெருப்பால் வரும் ஆபத்தும் காரணம். அதனால் மார்ச்சில் சற்றுக் கெட்டியாகக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறையில் கோடை முழுக்க வைத்திருந்து, புது பியர் வருவதற்குள் மிச்சத்தைத் தீர்த்தார்கள். இன்று நாம் அறிந்த செம்பழுப்பு மெர்ட்சன் அதற்கு வெகுகாலம் கழித்து, 1841இல் மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையில் வந்தது. (இன்றைய அக்டோபர் திருவிழாக் கூடாரங்களில் ஊற்றுவது பெரும்பாலும் வெளிர்பொன் நிற ஃபெஸ்ட்பியர், அதாவது திருவிழா பியர். செம்பழுப்பு வேண்டுமென்றால் தேடித்தான் குடிக்க வேண்டும், எனக்கு அதில் வருத்தம்தான்.)

ஒரு கோப்பை மெர்ட்சனை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் வருவது புது ரொட்டியின் ஓரம் சிவந்த வாசம். வாயில் வைத்ததும் இனிப்பு போலத் தொடங்கி, விழுங்கும்போது இனிப்பே இல்லாமல் உலர்ந்து முடியும். பக்கத்தில் ஷ்வைன்ஸ்ஹாக்ஸே, அதாவது அடுப்பில் வாட்டிய பன்றிக்கால். தோல் அப்பளம் மாதிரி உப்பி மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே கொழுப்பு ஒழுகும். இந்த இரண்டும் தோதுப்படுவதில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன, அவற்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்பதால்தான் இத்தனை விவரம்.

முதலாவது, ஒப்பு. பார்லி முளையைச் சூளையில் உலர்த்தும்போதும் இறைச்சி அடுப்பில் சிவக்கும்போதும் நடப்பது ஒரே வினை. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகி வாசம் பிடிக்கிற மயார் வினை, 1912இல் அதை விவரித்த பிரெஞ்சுக்காரரின் பெயர் அதற்கு. ஒரே குடும்பத்து வாசங்கள் என்பதால் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன.

இரண்டாவது, ஆங்கிலத்தில் ‘கட்’ என்கிறார்களே, அது. போன மடலில் ஒரு தோழர் ‘வெட்டு’ என்று எழுதியிருந்தார். பியர் கொழுப்பை எங்கே வெட்டுகிறது? முறிக்கிறது. பித்தத்தை முறிக்கும், விஷத்தை முறிக்கும் என்று சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்? நாக்கில் படிந்த பிசுக்கைக் கரிவாயுக் குமிழிகள் கிளப்பிவிடுகின்றன, ஹாப் பூவின் கசப்பு மிச்சத்தைத் துடைக்கிறது, அடுத்த வாய் முதல் வாய் போல இருக்கிறது. இந்த வேலைக்கு ‘முறிப்பு’ என்றே வைக்கலாம். ‘ஒபாட்ஸ்டா என்கிற வெண்ணெய்ச் சீஸ் கலவைக்கு நல்ல முறிப்பு வேண்டும், கசப்பு குறைந்த பியர் எடுபடாது.’ படித்தவுடன் புரிகிறதா இல்லையா?

‘எடுபடாது’ என்பதும் தானாக வந்து விழுந்த சொல், அதையும் விட வேண்டாம். தோது பார்ப்பதில் முதல் சோதனையே அதுதான். கோதுமை பியரின் வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் காட்டமான முதிர்ந்த சீஸ் முன்னால் எடுபடாது. அதே சீஸுக்குக் கறுத்த பியர் ஈடுகொடுத்து நிற்கும்.

> காரத்துக்கு ஐபிஏ தோது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்களே?

எழுதுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. ஐபிஏ என்பது ஹாப் கசப்பு தூக்கலான பியர். மிளகாயின் எரிச்சலைக் குமிழியும் ஆல்கஹாலும் கூட்டத்தான் செய்யும், கடும் கசப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம். நாக்கு மரத்துப்போவதை ருசி என்று நினைப்பவர்கள் வேறு கணக்கு. காரத்துக்கு முளையின் இனிப்பு மிஞ்சிய, ஆல்கஹால் குறைந்த பியரே நல்லது. இதில் யார் மாறுபட்டாலும் குடித்துவிட்டு எழுதுங்கள், படித்துவிட்டு எழுத வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் பூசணிக்காய் பியர் பற்றிக் கேட்டிருந்தார். அதில் பெரும்பாலானவற்றில் தூக்கலாக வருவது பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி. பூசணி எங்கோ பின்னால். ஆகவே பூசணிக்காய் ‘பை’ (pie) என்கிற இனிப்புப் பண்டத்தோடு வைத்தால் மசாலாவின் மேல் மசாலா ஏறித் திகட்டும். வறுத்த வான்கோழியோடு வைத்துப் பாருங்கள். அவர் ஊரில் இந்தப் பருவத்தின் உண்மையான அதிசயம் அது இல்லை, வாஷிங்டன் மாநிலத்து யக்கிமா பள்ளத்தாக்கில் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் பறிக்கும் ஹாப்பைக் காயவைக்காமல், பறித்த ஓரிரு நாளுக்குள்ளேயே போட்டுக் காய்ச்சும் பியர்தான். புல் அறுத்த வாசம் அடிக்கும். அதற்கு ‘பச்சை ஹாப் பியர்’ போதும், மூளையைக் கசக்க வேண்டாம்.

> இதெல்லாம் வெள்ளைக்காரன் சங்கதி, இதற்குத் தமிழில் சொல் தேடுவதே வீண்.

ஐயா, பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்புப் பகுதியை ஒருமுறை பாருங்கள். அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, நெல்முளை அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முற்ற விளையவிட்டு, விரலால் பிழிந்து கொடுக்கிறார்கள். முளை, நொதித்தல், வடிகட்டல் எல்லாம் இருக்கிறது. கூடவே சுட்ட மீனும் வருகிறது! புலவர் தோது பார்த்துத்தான் எழுதினார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் குடியையும் உணவையும் ஒரே மூச்சில் சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதற்கு அது போதும். அந்தப் பகுதியிலிருந்து மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்துக்கு, ‘முளை’ என்ற சொல்லையாவது எடுத்துக்கொள்வோம்: பார்லிமுளை, கோதுமைமுளை.

கடைசியாக, ‘கிராஃப்ட் பியர்’ என்பதற்குச் சொல்லும் ‘கைவினை பியர்’. பனையோலைப் பெட்டி ஞாபகம் வருகிறது எனக்கு. நிஜத்தில் அங்கே இருப்பது எஃகுத் தொட்டியும் கணினியும். அமெரிக்க பியர் ஆலையர் சங்கத்தின் (Brewers Association) வரையறையில் ஆண்டுக்கு 60 லட்சம் பேரல் வரைக்கும் சிறு ஆலைதான், கை எங்கே இருக்கிறது? சிறியது, பெரு நிறுவனத்தின் பிடியில் இல்லாதது, இந்த இரண்டும்தான் அதன் சாரம். ‘சிற்றாலை பியர்’ என்கிறேன். பாணிகளின் பெயர்களை, அதாவது மெர்ட்சன், ஸ்டவுட், சேசோன் போன்றவற்றை, அப்படியே விட்டுவிடலாம், ஊர்ப்பெயரை மொழிபெயர்ப்பதில்லையே.

தோது, ஒப்பு, முறிப்பு, முளை, சிற்றாலை பியர். இந்த ஐந்துக்கும் மறுப்பு இருந்தால் வாக்கியத்தில் போட்டுக் காட்டி மறுங்கள், ‘கேட்க நன்றாக இல்லை’ என்று மட்டும் எழுதினால் பதில் சொல்ல வழியில்லை. ‘மவுத்ஃபீல்’, அதாவது பியர் வாயில் தரும் தொடுவுணர்வு, அதற்குச் சொல் இன்னும் பாக்கி. ‘வாய்நிறைவு’ என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார், எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் மெலிந்த பியருக்கும் அது இருக்கிறதே, அதை என்ன செய்வது?