மறு: பயோமார்க்கருக்கு "உயிர்க்குறி" சரியா?

> "உயிர்க்குறி" அகராதியிலேயே இருக்கிறது. அதை ஏன் கலைக்க வேண்டும்?

ஐயா, வணக்கம். ரத்தத்தில் ஒரு பொருளின் அளவைப் பார்த்து உடல் நிலையைச் சொல்கிறோமே, அந்த பயோமார்க்கருக்கு எனக்கு அந்தச் சொல் போதவில்லை. காரைக்குடியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். "உயிர்க்குறி" என்று வாசித்தால் இளம்பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள், கூட வரும் ஆச்சிமார் "என்ன, குறி சொல்றாகளா?" என்கிறார்கள். "அறிகுறி" என்றும் போட முடியாது. கர்ப்பகாலச் சர்க்கரைக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது, அதனால்தானே எல்லாருக்கும் பரிசோதனை.

என் சிக்கல் வேறு. மார்க்கர் என்று ஒரே பேரில் இரண்டு சங்கதியைச் சொல்லிவிடுகிறார்கள். ஒன்று, நோய் இருக்கிறதா என்று காட்டுவது: 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, சாப்பிட்டு வந்தாலும் வெறும் வயிறானாலும், 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறோமே, சென்னை டாக்டர் வி. சேஷய்யா வலியுறுத்திய முறை, அதில் டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்கிறோம். இன்னொன்று, பின்னால் வரலாம் என்று மட்டும் காட்டுவது. அடிபோனெக்டின் என்று கொழுப்புத் திசு சுரக்கும் ஒரு புரதம், இன்சுலின் வேலை செய்யத் துணை நிற்பது. முதல் மூன்று மாதத்தில் அது குறைவாக இருப்பவர்களில் கூடுதல் பேருக்குப் பிறகு சர்க்கரை வருவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். உடலில் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான ஃபெரிட்டின், அழற்சி இருந்தால் கூடும் புரதமான சி.ஆர்.பி. இரண்டும் நேர் எதிர், கூடினால் யோசிக்க வேண்டும். ஆனால் இவற்றில் எதை வைத்தும் "உனக்கு நோய்" என்று சொல்லிவிட முடியாது.

இந்த வேறுபாடு சொல்லில் தெரியாவிட்டால் வீட்டில் என்ன நடக்கும்? முதல் மாதச் சீட்டைப் பார்த்துவிட்டு மாமியார் அன்றைக்கே சோற்றைக் குறைத்துவிடுவார். (கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லது என்று சீனியும் தேங்காயும் போட்டுக் கிண்டிக் கொடுப்பது தனிக்கதை.) அதனால் முதலாவதற்கு "நோய்காட்டி", இரண்டாவதற்கு "இடர்காட்டி" என்று முன்வைக்கிறேன்.

---

அம்மா, தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். "காட்டி" நன்றாக வருகிறது. நோய்க்காட்டி என்று ஒற்றுப் போடச் சொல்லி யாராவது வருவார்கள், விட்டுவிடாதீர்கள். நோயைக் காட்டுவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை, வழிகாட்டி, திசைகாட்டி போல மிகாது. ஆனால் "இடர்" யாருக்கம்மா புரியும்? "நோய் வரும் வாய்ப்பு" என்றே எழுதலாமே. இல்லையென்றால் "அபாயங்காட்டி".

---

> "நோய் வரும் வாய்ப்பு" என்றே எழுதலாமே

ஐயா, வாய்ப்பு என்றால் நல்லது வருவதற்குத்தானே காத்திருப்போம்! அபாயம் என்றாலோ டிரான்ஸ்ஃபார்மரில் மண்டை ஓட்டுக்குக் கீழே எழுதியிருப்பதுதான் நினைவுக்கு வரும், வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அது வேண்டாம். மழைக்காலம் வந்தால் செய்தியில் பேரிடர், பேரிடர் என்று கேட்டு "இடர்" பழகிவிட்டது. அது போதும். ஒற்று விஷயத்துக்கு நன்றி, நானே க் போட்டுத்தான் வைத்திருந்தேன்.

அப்புறம், எச்.பி.ஏ.1.சி.யை எதில் சேர்ப்பது என்று தனி மடலில் கேட்டிருந்தார்கள். அது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரிதான், ஆனால் கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் மாறுவதால் எண் குறைத்துக் காட்டும், இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை இருந்தால் கூட்டிக் காட்டும். முதல் வருகையிலேயே ரொம்பக் கூடுதலாக வந்தால் அது கர்ப்பத்துக்கு முன்பே இருந்த சர்க்கரை, அங்கே அது நோய்காட்டிதான். மற்றபடி 24 முதல் 28 வாரத்தில் குளுக்கோஸ் குடித்துப் பார்ப்பதற்கு அதை மாற்றாக வைக்க முடியாது.

துண்டறிக்கையில் இப்படிப் போடுகிறேன்: "இடர்காட்டி கூடவோ குறையவோ இருந்தால் உங்களுக்கு நோய் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. குளுக்கோஸ் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்." குருதி என்று எங்கேயும் எழுதவில்லை, ரத்தம்தான். மாற்றுக்கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அச்சுக்குப் போகிறது.