கலைஞர்கள் குடியேறும் பழைய குடோன் பகுதியில் சின்ன உணவகம் போடலாமா?

கேள்வி:
பழைய குடோன்களும் பட்டறைகளும் நிறைந்த ஒரு பகுதி. கொஞ்ச காலமாக ஓவியர்கள், சிற்பிகள், ஒத்திகைக்கு இடம் தேடும் நாடகக் குழுக்கள் என்று ஆட்கள் அங்கே வர ஆரம்பித்திருக்கிறார்கள். கேலரிகளும் எட்டிப்பார்க்கின்றன. நானும் என் தங்கையும் அங்கே முப்பது பேர் உட்காருகிற அளவில் ஒரு உணவகம் தொடங்க நினைக்கிறோம். ஆடம்பரம் எதுவும் கிடையாது, கையில் பெயின்ட் கறையோடு வந்து உட்கார்ந்தாலும் யாரும் முகம் சுளிக்காத இடமாக இருக்க வேண்டும், அதோடு அங்கே முன்பிருந்தே பட்டறை நடத்துகிறவர்களும் வந்து சாப்பிட வேண்டும். கண்காட்சி திறப்பு நாளில் தெருவே நிரம்பி வழிகிறது, மற்ற நாட்களில் மாலை ஏழுக்கு மேல் ஈ காக்கை இல்லை. இதை நம்பி முதல் போடலாமா?

பதில் 1:
திறப்பு நாள் கூட்டத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அவர்கள் படம் பார்க்க வருகிறவர்கள், கேலரியில் கொடுப்பதைக் கொறித்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்தத் தெருவில் போய் நின்று, யார் வீட்டிலிருந்து டப்பா கொண்டு வருகிறார்கள், யார் சாப்பிட வெளியே வெகுதூரம் போகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் கல்லாவை நிரப்பப் போவது அந்த இரண்டாவது கூட்டம்தான்.

தொழிலில் எல்லோரும் சொல்கிற கணக்கு இது: சரக்குச் செலவு விற்பனையில் 30 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், சரக்கும் சம்பளமும் சேர்ந்து 60 முதல் 65-க்குள் அடங்க வேண்டும், வாடகை 10-ஐத் தாண்டினால் மூச்சு முட்டும். முப்பது இருக்கைக்கு நீளமான மெனு வேண்டாம், வாங்கிய சரக்கு வீணாகும்.

அப்புறம் கட்டடம். குடோனில் சமையலறை போடுவது லேசான வேலை இல்லை. புகைக்குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோக வழி இருக்கிறதா, மாடியில் ஸ்டூடியோ இருந்தால் அவர்கள் சம்மதிப்பார்களா, எண்ணெய்க் கசடைத் தடுக்கும் தொட்டி வைக்கச் சாக்கடைப் பக்கம் இடம் இருக்கிறதா, அந்தக் கட்டடத்தில் உணவகம் நடத்தவே அனுமதி உண்டா. இதெல்லாம் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதில் 2:
மேலே சொன்னவர் வாடகையை ஒரு வரியில் கடந்துவிட்டார், ஆனால் இந்த மாதிரிப் பகுதியில் அதுதான் எல்லாமே. நியூயார்க்கின் சோஹோவைப் பாருங்கள். தொழிற்சாலைகள் காலி செய்த மாடிகளில் கலைஞர்கள் குடியேறினார்கள், 1971-ல் நகர நிர்வாகம் அங்கே கலைஞர்கள் வசிப்பதைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டு கரோல் குட்டன், டினா ஜிருவார்ட், கோர்டன் மாட்டா-கிளார்க் ஆகிய கலைஞர்கள் பிரின்ஸ் தெருவும் வூஸ்டர் தெருவும் சந்திக்கிற மூலையில் 'ஃபுட்' என்ற உணவகத்தைத் திறந்தார்கள். சமைத்ததும் பரிமாறியதும் பெரும்பாலும் கலைஞர்களே, அக்கம்பக்கத்து ஓவியர்களுக்கு அது வேலை கொடுத்த இடமும்கூட. சில ஆண்டுகளே அவர்கள் கையில் நடந்தது. இன்று அந்தத் தெருக்களில் விலையுயர்ந்த துணிக்கடைகள்தான். பகுதிக்குப் பெயர் வந்ததும் வாடகை ஏறும், பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் முதலில் வெளியேறுவார்கள், நல்ல உணவகம் அந்தப் பெயருக்கு ஒரு காரணமாகவும் ஆகிவிடும்.

அதனால் உரிமையாளரிடம் பேசும்போது ஒப்பந்தக் காலம் முடிந்தால் புதுப்பிக்கிற உரிமை உங்களிடம் இருக்கட்டும், ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு உச்சவரம்பு எழுத்தில் வரட்டும், கட்டடத்தை விற்றால் புதிய உரிமையாளரையும் அது கட்டுப்படுத்துமா என்று ஒரு வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். பேரம் பேச உங்களுக்குப் பலம் இருப்பது இப்போதுதான், இடம் காலியாகக் கிடக்கும்போது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஒப்பந்தம் பற்றிச் சொன்னதைத் தங்கையிடமும் காட்டினேன். இன்னொரு சந்தேகம்: உள்ளூர் ஓவியர்களின் படங்களைச் சுவரில் மாட்டலாம் என்று இருக்கிறோம், அதை எப்படிச் செய்வது சரி?

பதில் 3:
நான் இப்படி ஒரு பகுதியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 'உங்கள் படத்துக்கு விளம்பரம் கிடைக்கும்' என்று சொல்லிச் சும்மா வாங்கி மாட்டுகிற உணவகங்களைப் பார்த்து எங்களுக்குச் சலித்துவிட்டது. விலைச்சீட்டோடு மாட்டுங்கள், விற்றால் முழுப் பணமும் ஓவியருக்கே போகட்டும், அடுப்புப் பக்கம் மாட்டாதீர்கள், எண்ணெய்ப் புகை கேன்வாஸைக் கெடுத்துவிடும். மெனு அட்டையும் பெயர்ப் பலகையும் வரையச் சொன்னால் கூலி கொடுங்கள்.

பாரிஸின் மோன்பர்னாஸில் லா ரோட்டோந்த் என்ற கஃபேயை நடத்திய விக்டர் லிபியோன், காசில்லாத ஓவியர்கள் ஒரு காபியோடு மணிக்கணக்கில் உட்கார விட்டார், பாக்கிக்கு ஈடாகப் படங்களை வாங்கி வைத்துக்கொண்டார். அந்த மனசு வேண்டும், ஆனால் முப்பது இருக்கையில் மதிய நேரத்தில் அப்படி விட முடியாது, எனக்கும் அது புரிகிறது. கூட்டம் குறைகிற பிற்பகலில் விடுங்கள். கையிலிருக்கும் காசுக்கு வயிறு நிறைகிற ஒரு சாப்பாட்டைத் தினமும் மெனுவில் நிரந்தரமாக வையுங்கள், கூட்டம் பெருகிய பிறகும் அதை எடுக்காதீர்கள். பட்டறைக்காரர்கள் எங்களைவிடச் சீக்கிரம் வேலையைத் தொடங்குகிறவர்கள், காலையில் கதவு திறந்திருந்தால் அவர்கள் வருவார்கள், பத்து மணிக்குத்தான் திறப்பீர்கள் என்றால் வரமாட்டார்கள்.